இலகு சீட் மவுண்ட் போட்ட பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துச் சரி செய்வது எப்படி

மாஸ்டா எம்எக்ஸ்-5 (கூரை திறக்கும் சிறிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருப்பவர்கள் எடை குறைக்கக் கிளம்பினால் முதலில் கழற்றுவது சீட்டைத்தான். நல்ல முடிவுதான். கார்பன் பக்கெட் சீட் (உடம்பைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும் ஒரே கூடான சீட்) என்றால் 4 முதல் 6 கிலோ, ஃபைபர் கிளாஸ் என்றால் 7 முதல் 10 கிலோ, அதோடு ஸ்டீல் பிராக்கெட்டுக்குப் பதிலாக அலுமினியம் சைடு மவுண்ட் (சீட்டை இரண்டு பக்கமும் பிடிக்கும் எல் வடிவத் தாங்கி), சீட்டை முன்பின் நகர்த்தும் ஸ்லைடரும் வேண்டாம் என்று விட்டால் இன்னும் குறையும். ஆனால் மாட்டிய சில வாரங்களில் எல்லோரும் வந்து கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்: டக் டக் என்று சத்தம் வருகிறது, பிரேக் மிதித்தால் சீட் ஆடுகிறது, போல்ட் தளர்ந்துகொண்டே இருக்கிறது, ஏர்பேக் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது. மலேசியாவின் சிபாங் ரேஸ் டிராக்கில் டிராக் டே (சொந்தக் காரை டிராக்கில் ஓட்ட விடும் நாள்) ஓட்டும் நண்பர்களின் கார்களில் இதையே திரும்பத் திரும்பச் சரி செய்ததில், எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்க்க வேண்டும் என்று ஒரு வரிசை பிடிபட்டுவிட்டது. அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வேறு ஸ்போர்ட்ஸ் காராக இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடையைச் சீட்டில் குறையுங்கள், ஸ்லைடரில் குறையுங்கள். பிராக்கெட்டின் பலத்தில் குறைக்காதீர்கள். கீழே வரும் கோளாறுகளில் பாதி, கடைசி அரைக் கிலோவைப் பிராக்கெட்டிலிருந்து பிடுங்கப் போனதால் வந்தவை.

தொடங்கும் முன்

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் லைன். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்துவிட்டு அப்புறம் தொடுங்கள். அந்த லைனில் மல்டிமீட்டர் வைத்து ஓம் அளக்கவே கூடாது, மீட்டரிலிருந்து போகும் சின்ன மின்சாரமே ஏர்பேக்கை வெடிக்க வைத்துவிடலாம்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு முறுக்கியதும் கிளிக் என்று சொல்லும் ஸ்பேனர்), பெயின்ட் மார்க்கர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), நல்ல டார்ச், கூட ஒரு ஆள்.

## அறிகுறி: வளைவில் திரும்பும்போது "டக்" என்று ஒரு சத்தம்

வண்டியை நிறுத்திவிட்டுச் சீட்டில் உட்கார்ந்து, இடது காலை ஃபுட்ரெஸ்டில் ஊன்றி, இடுப்பால் இடமும் வலமும் அழுத்தமாகத் தள்ளுங்கள். இன்னொருவர் குனிந்து ஒவ்வொரு இணைப்பிலும், இரண்டு பாகமும் சேரும் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும். நான்கு மூலையும், சைடு மவுண்டின் நான்கு போல்ட்டும், ஸ்லைடர் இருந்தால் அதன் இரண்டு பக்கமும், இப்படி எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள்.

எங்குமே அசைவு இல்லை, ஆனாலும் சத்தம் வருகிறது. இது மவுண்ட் கோளாறு இல்லை. சீட் ஷெல் (சீட்டின் கூடு) நடு டனலில் (இரண்டு சீட்டுக்கும் நடுவில் உள்ள தரை மேடு) உரசும், அல்லது பெல்ட் பக்கிள் பிளாஸ்டிக்கில் தட்டும். எம்எக்ஸ்-5 உள்ளே இடம் குறுகல், அகலமான பக்கெட் சீட் போட்டால் டனல் பக்கமும் கதவுப் பக்கமும் சில மில்லிமீட்டர்தான் மிஞ்சும். உரசிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள், மெல்லிய ஃபோம் டேப் ஒட்டுங்கள், முடிந்தது.

தரை போல்ட்டில் அசைவு. பெரும்பாலும் காரணம் கார்பெட்தான். பிராக்கெட்டின் பாதத்துக்கும் தரை உலோகத்துக்கும் நடுவில் கார்பெட்டோ, சத்தம் தடுக்கும் தார் ஷீட்டோ சிக்கியிருந்தால், முறுக்கும்போது இறுக்கமாகத் தெரியும், பத்து லாப் ஓடியதும் அது அமுங்கிப்போய் போல்ட் தளர்ந்துவிடும். பாதம் உட்காரும் இடத்தில் கார்பெட்டை வெட்டி எடுங்கள். பிராக்கெட்டின் தடித்த பவுடர் கோட்டிங் பெயின்ட்டும் இதே வேலையைச் செய்யும், போல்ட் தலையும் வாஷரும் உட்காரும் வட்டத்தில் மட்டும் அதைச் சுரண்டிவிடுங்கள்.

சைடு மவுண்ட், சீட் ஷெல் சேரும் இடத்தில் அசைவு. போல்ட்டைக் கழற்றி அதன் நீளத்தைப் பாருங்கள். சீட்டின் பக்கவாட்டு எம்8 (8 மி.மீ. விட்டப் போல்ட்) துளைக்கு ஆழம் குறைவு. ஸ்டீல் பிராக்கெட்டோடு வந்த போல்ட் வேறு தடிமனுக்குக் கணக்கிட்டது, அதையே வேறொரு மவுண்டுக்குப் போட்டால் துளையின் அடியில் போய் முட்டி நின்றுவிடும். டார்க் ரெஞ்ச் "கிளிக்" என்று சொல்லும், ஆனால் பிராக்கெட் இறுகியிருக்காது. பிராக்கெட் இல்லாமல் போல்ட்டைக் கையால் முழுக்கத் திருகி, வெளியே எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்தால் விஷயம் தெரிந்துவிடும். பிராக்கெட்டும் வாஷரும் சேர்ந்த தடிமன் அந்த மிச்சத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். அதற்காக ரொம்பக் குட்டைப் போல்ட்டும் போடாதீர்கள், துளைக்குள் குறைந்தது போல்ட் விட்டம் அளவுக்காவது இறங்கியிருக்க வேண்டும்.

ஸ்லைடரில் அசைவு. அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

## அறிகுறி: பிரேக் மிதித்தால் சீட் முன்னே போகிறது, அல்லது முதுகு சாய்கிற மாதிரி இருக்கிறது

சிபாங்கின் மெயின் நேர்பாதை முடிந்து முதல் வளைவுக்கு பிரேக் மிதிக்கும் இடத்தில்தான் பலர் இதை முதலில் உணர்கிறார்கள், ஏனென்றால் அங்கே உடம்பின் மொத்த பாரமும் பெல்ட் வழியாகவும் சீட் வழியாகவும் முன்னால் தள்ளும். இதை வைத்துக்கொண்டு அடுத்த ஸெஷனுக்குப் போகாதீர்கள். பிட்டுக்குள் (டிராக் ஓரத்தில் வண்டியை நிறுத்திப் பார்க்கும் இடம்) வந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி.

முதல் சோதனை ஸ்லைடர் பூட்டு. இரண்டு பக்கமும் பூட்டு விழுந்திருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் பூட்டும் மலிவான ஸ்லைடராக இருந்தால் மறுபக்கம் சற்றே முன்பின் நகரும், சீட் கோணலாகத் திரும்பும். அதை ரிப்பேர் செய்ய முயல வேண்டாம். இரண்டு பக்கமும் பூட்டும் ஸ்லைடர் வாங்குங்கள், அல்லது ஓட்டுபவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் ஸ்லைடரையே எடுத்துவிட்டுச் சீட்டை நேரடியாகப் போல்ட் செய்யுங்கள். எடையும் குறையும், உயரமும் குறையும், ஆடுவதற்கு ஒரு பாகமும் குறையும். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம் இதுதான்.

ஸ்லைடர் சரி என்றால் பிராக்கெட் வளைகிறது. தடிமனை அளங்கள். அலுமினியத்தின் விறைப்பு ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான். 3 மி.மீ. ஸ்டீல் தகடு எவ்வளவு விறைப்பாக நிற்குமோ அதே விறைப்புக்கு அலுமினியம் கிட்டத்தட்ட 4.3 மி.மீ. வேண்டும். எஃப்ஐஏ (உலகக் கார் பந்தய அமைப்பு) விதியில் சீட் தாங்கிகளுக்குக் குறைந்தபட்சத் தடிமன் ஸ்டீல் என்றால் 3 மி.மீ., இலகு உலோகம் என்றால் 5 மி.மீ. நீங்கள் போட்டது 4 மி.மீ. அலுமினியம், அதிலும் நடுவே பெரிய ஓட்டைகள் என்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மாற்றுங்கள்.

அதுவும் சரியா? அப்படியானால் சீட்டின் முதுகுப் பகுதியைப் பாருங்கள். அலுமினியம் ரேஸிங் சீட் என்றால் பின்னால் பேக் பிரேஸ் (முதுகைத் தாங்கும் கம்பி) கட்டாயம், அது இல்லாமல் முதுகு வளைவது இயல்பு. ஃபைபர் கிளாஸ் ஷெல் வளைந்தால் சைடு மவுண்ட் துளையைச் சுற்றி முடி போல வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் சாய்த்துப் பிடித்துத் தேடுங்கள். இருந்தால் அந்தச் சீட்டோடு டிராக்குக்குப் போகக் கூடாது. எஃப்ஐஏ 8855-1999 முத்திரை உள்ள சீட்டுக்கு ஆயுள் தயாரித்த ஆண்டிலிருந்து 5 ஆண்டு. பழைய சீட் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியவர்கள் அந்த ஸ்டிக்கரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நிபுணரிடம் போக வேண்டிய இடம்: பிராக்கெட், ஸ்லைடர், சீட் மூன்றும் திடமாக இருந்தும் சீட் அசைகிறதென்றால் தரையே அசைகிறது. வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியிலிருந்து பாருங்கள். போல்ட் இறங்கும் வெல்ட் நட்டை (தரையோடு வெல்ட் செய்த நட்) சுற்றித் தகடு உப்பியிருந்தாலோ, துரு பிடித்திருந்தாலோ, வெல்ட் விட்டிருந்தாலோ பாடி வெல்டிங் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். அடியில் பெரிய வாஷர் ஒன்றைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புதிதாகத் துளை போட்டு மாட்டும் இடத்துக்கு எஃப்ஐஏ கேட்பது ஒவ்வொரு புள்ளிக்கும் 40 சதுர செ.மீ. தொடும் பரப்புள்ள கவுன்டர் பிளேட் (தரைக்கு அடியில் வைக்கும் தாங்கு தகடு), எம்8-க்குக் குறையாத போல்ட். வாஷரால் அது வராது.

## அறிகுறி: முறுக்க முறுக்கப் போல்ட் தளர்கிறது

1. கார்பெட், பெயின்ட், நீளம். மேலே சொன்ன மூன்றையும் முதலில் முடித்துவிடுங்கள். பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும்.

2. ஸ்பிரிங் வாஷரை நம்பாதீர்கள். பக்கவாட்டு அதிர்வில் அது போல்ட்டைப் பிடித்து வைக்காது. நட் இருக்கும் இடத்தில் புது நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்), வெல்ட் நட்டுக்குள் இறங்கும் இடத்தில் நீல நிற நடுத்தர லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை), அல்லது ஆப்பு வடிவப் பல் உள்ள இரட்டை வாஷர். நைலாக் நட்டைக் கழற்றி மறுபடி போட வேண்டாம், விலை பெரிதில்லை.

3. போல்ட் தரம். தலையில் 8.8 அல்லது 10.9 என்று பலத் தர எண் இருக்க வேண்டும். எதுவும் எழுதாத போல்ட்டைச் சீட்டுக்குப் போடக் கூடாது. எடை குறைக்க அலுமினியம் போல்ட் போடுகிறேன் என்று ஒருவர் கேட்டார், தயவுசெய்து வேண்டாம். டைட்டானியமும் இந்த இடத்துக்குத் தேவையில்லை.

4. டார்க். சீட்டோடு வந்த தாள் என்ன சொல்கிறதோ அதுதான் முதல். தாள் இல்லையென்றால் 8.8 தர எம்8-க்குச் சுமார் 25, எம்10-க்கு 45 முதல் 50 நியூட்டன் மீட்டர். முறுக்கிய பிறகு போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது. கோடு அப்படியே இருந்தும் தளர்வாக இருந்தால் போல்ட் திரும்பவில்லை, நடுவில் ஏதோ அமுங்கியிருக்கிறது அல்லது அலுமினியத் துளை நீள்வட்டமாகியிருக்கிறது. இந்த ஒரு கோடு நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

துளை நீள்வட்டமாகியிருந்தால் அந்தப் பிராக்கெட் முடிந்தது. பெரிய துளையாக்கி அடுத்த சைஸ் போல்ட் போடுவதில் துளைக்கும் தகட்டு ஓரத்துக்கும் நடுவில் இருக்கும் உலோகம் குறைந்துவிடும். துளையின் மையத்திலிருந்து ஓரம் வரை போல்ட் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும்.

## அறிகுறி: ஸ்லைடர் இறுக்கமாக இருக்கிறது, அல்லது சீட் கோணலாக நிற்கிறது

தரையில் சீட் போல்ட் ஆகும் நான்கு புள்ளிகளும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய கார்களில் நிச்சயமாக இருக்காது. தொழிற்சாலைச் சீட் அந்த வித்தியாசத்தை வளைந்து கொடுத்து ஏற்றுக்கொள்ளும், விறைப்பான அலுமினிய மவுண்ட் ஏற்றுக்கொள்ளாது.

சோதனை எளிது. நான்கு தரை போல்ட்டையும் கையால் மட்டும் திருகி நிறுத்துங்கள். எந்தப் பாதம் தரையைத் தொடவில்லையோ அங்கே ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளியை அளங்கள். அந்த அளவுக்கு ஒரே துண்டாக ஸ்பேஸர் கொடுங்கள், நான்கைந்து வாஷரை அடுக்க வேண்டாம். இடைவெளியைப் போல்ட்டை முறுக்கி மூட முயன்றால் ஸ்லைடர் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் சீட் ஷெல் முறுகும். சைடு மவுண்ட் பக்கமும் இதே கதைதான்: ஷெல்லுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் 3 மி.மீ. இடைவெளி இருந்தால் அங்கே ஸ்பேஸர் வர வேண்டும். போல்ட்டால் இழுத்துச் சேர்த்தால் ஃபைபர் கிளாஸ் வெடிக்கும்.

இறுக்கும் வரிசையும் முக்கியம். சீட்டுக்கும் சைடு மவுண்டுக்கும் உள்ள போல்ட்டைத் தளர்வாக விட்டு, தரை போல்ட்டை முறுக்கி, ஸ்லைடரை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் மேலே முறுக்குங்கள்.

## அறிகுறி: தலை இடிக்கிறது, உயரம் சரியில்லை

இலகுவான சீட் போட்டால் தாழ்வாக உட்காரலாம் என்று நினைத்துப் போடுகிறார்கள், அடாப்டர் பிளேட் (காரின் துளைகளுக்கும் மவுண்டின் துளைகளுக்கும் நடுவில் போடும் தகடு), ஸ்லைடர், சைடு மவுண்ட் என்று அடுக்கியதில் பழைய சீட்டைவிட உயரமாகிவிடுகிறது. முதலில் சைடு மவுண்டில் கீழ்த் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஸ்லைடரை எடுங்கள். கடைசியாக அடாப்டர் பிளேட் இல்லாமல் காருக்கென்றே செய்த மவுண்ட்.

ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவுக் குழாய்) உள்ள திறந்த காருக்கு ஒரு சோதனை கட்டாயம். ஹெல்மெட் போட்டு, பெல்ட் கட்டி உட்காருங்கள். முன் கண்ணாடிச் சட்டத்தின் மேலிருந்து ரோல் பார் உச்சி வரை ஒரு நேரான துடைப்பக் கம்பை வையுங்கள். ஹெல்மெட் உச்சி அந்தக் கம்புக்கு 5 செ.மீ. கீழே இருக்க வேண்டும். பல டிராக் டே அமைப்பாளர்கள் இதைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். கம்பில் ஹெல்மெட் தட்டுகிறதென்றால் எவ்வளவு எடை குறைந்திருந்தாலும் அந்த அமைப்பு தவறு.

உயரம் மாறினால் பெல்ட்டின் கோணமும் மாறும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹார்னஸ் (தோளிலும் இடுப்பிலும் பல பட்டை உள்ள ரேஸிங் பெல்ட்) என்றால் தோள் பட்டை தோளிலிருந்து பின்னால் கிடைமட்டமாகவோ 20 டிகிரிக்குள் இறங்கியோ போக வேண்டும். அதைவிடச் செங்குத்தாகக் கீழே இறங்கினால் மோதலில் முதுகெலும்பை அழுத்தும். இடுப்புப் பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் உட்கார வேண்டும்.

## அறிகுறி: ஏர்பேக் விளக்கு எரிகிறது, பெல்ட் எச்சரிக்கை நிற்கவில்லை

பேட்டரியை மாட்டும்போது ஏதாவது கனெக்டர் விட்டுப்போயிருக்கிறதா? அதுதான் முதல் கேள்வி, பாதிப் பேருக்கு அதுதான் பதில். பெல்ட் பக்கிள் ஸ்விட்ச் ஒயர் பழைய சீட்டோடே போய்விட்டிருக்கும், அதை எடுத்துப் புது பக்கிளுக்கு மாற்றினால் எச்சரிக்கை நிற்கும்.

பழைய சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்திருந்தால் கதை வேறு. எம்எக்ஸ்-5-இல் என்சி எனப்படும் மூன்றாம் தலைமுறையிலிருந்து இதைக் கவனிக்க வேண்டும். ஏர்பேக் இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்வது உண்மைதானே. அந்தக் கனெக்டரில் சில ஓம் ரெசிஸ்டர் போட்டு விளக்கை அணைப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் விளக்குத்தான் அணையும், பக்கவாட்டுப் பாதுகாப்பு திரும்பி வராது. டிராக்குக்கு மட்டும் போகும், ரோல் கேஜும் ஹார்னஸும் உள்ள காருக்கு அதை ஏர்பேக் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். தினமும் சாலையில் ஓட்டும் கார் என்றால் என் கருத்து நேரடியானது: பழைய சீட்டையே வைத்துக்கொள்ளுங்கள். சாலை விதியும் இன்ஷூரன்ஸும் என்ன சொல்கிறது என்பதையும் கழற்றும் முன்னால் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, எம்எக்ஸ்-5 உட்படப் பல கார்களில் பெல்ட் பக்கிள் சீட்டின் ரெயிலோடு போல்ட் ஆகியிருக்கும். சீட்டைக் கழற்றினால் அந்த நங்கூரமும் போய்விடும். புது மவுண்டில் பக்கிளுக்கென்றே தயாரிப்பாளர் கொடுத்த புள்ளி இல்லையென்றால், கையில் கிடைத்த துளையில் மாட்டாதீர்கள். ரேஸிங் ஹார்னஸை சீட்டிலோ அதன் தாங்கியிலோ கட்டவே கூடாது என்று எஃப்ஐஏ தெளிவாகத் தடுத்திருக்கிறது, அது காரின் பாடிக்குத்தான் போக வேண்டும்.

## அறிகுறி: அலுமினிய பிராக்கெட்டில் வெள்ளைப் பொடி, அல்லது மெல்லிய கோடு

வெள்ளைப் பொடி என்றால் அரிப்பு. ஸ்டீலும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டி இருந்தால் அரிபடுவது அலுமினியம். மலேசிய மழையில் கூரை திறக்கும் காரின் தரை எப்போதும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும். பொடியைத் தேய்த்து எடுத்துவிட்டு அடியில் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். குழி இல்லையென்றால் சுத்தம் செய்து, இரண்டு உலோகமும் சேரும் இடத்தில் மெல்லிய ஜிங்க் பிரைமர் அடித்து மாட்டலாம். கார்பெட்டுக்கு அடியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் தேடுங்கள், கூரையின் வடிகால் அடைத்திருக்கும்.

கோடு என்றால் நிறுத்துங்கள். எல் வடிவ மடிப்பின் உள் மூலை, வெல்ட் ஓரம், ஓட்டைகளின் விளிம்பு, இந்த மூன்று இடத்தில்தான் வெடிப்பு ஆரம்பிக்கும். சந்தேகம் இருந்தால் சிவப்பு டை ஸ்ப்ரே வாங்கி, அடித்து, துடைத்து, டெவலப்பர் (சாயத்தை மேலே இழுக்கும் வெள்ளைப் பூச்சு) அடித்துப் பாருங்கள், வெடிப்பு சிவப்புக் கோடாக எழும்பும். வெடித்த அலுமினியத்தை வெல்ட் செய்து மறுபடி போடாதீர்கள். 6061-டி6 போன்ற கலவை வெல்ட் செய்த இடத்தைச் சுற்றிப் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். புது பிராக்கெட் மட்டும்தான் வழி. அதுவும் இரண்டு பக்கத்துக்கும், ஏனென்றால் மறுபக்கமும் அதே அளவு உழைத்திருக்கிறது.

## அறிகுறி: எடை எதிர்பார்த்த அளவு குறையவில்லை

கழற்றியதையும் மாட்டியதையும் தராசில் வைத்தீர்களா? சீட் மட்டும் என்று விளம்பரத்தில் போட்ட எடையைப் பழைய சீட்டின் ரெயிலோடு சேர்ந்த எடையோடு ஒப்பிட்டால் கணக்கு இடிக்கும். ஷெல், குஷன், சைடு மவுண்ட், ஸ்லைடர், அடாப்டர், ஸ்பேஸர், போல்ட், எல்லாம் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். ஸ்டீல் அடாப்டர் பிளேட்டும் ஸ்லைடரும்தான் வழக்கமாகக் கிலோக்களை ஒளித்து வைத்திருக்கும்.

ஒரு கணக்கு: 3 மி.மீ. ஸ்டீல் சைடு மவுண்ட் ஜோடி 2.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதே வடிவத்தில் 5 மி.மீ. அலுமினியம் சுமார் 1.4 கிலோ. மிச்சம் ஒரு கிலோ சொச்சம். அந்த 5-ஐ 4 ஆக்கினால் இன்னும் முந்நூறு கிராம்கூட முழுசாக வராது, ஆனால் விறைப்பு பாதியாகிவிடும். மாஸ்டாவே என்டி ரோட்ஸ்டரை (நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5-க்கு ஜப்பானில் உள்ள பெயர்) 990 கிலோவுக்குக் கொண்டுவந்து, 990எஸ் பதிப்பில் ஒவ்வொரு வீலிலும் 800 கிராம் குறைத்தது. கிராம் கணக்கில் அலைய வேண்டும் என்றால் வீல், பேட்டரி, எக்ஸாஸ்ட் பக்கம் போங்கள், அங்கே கிடைப்பதும் அதிகம்.

## மோதலுக்குப் பிறகு

அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலும், தடுப்பில் மோதிய காரில் பிராக்கெட், போல்ட், பெல்ட் மூன்றையும் மாற்றுங்கள். சீட்டைத் தயாரிப்பாளர் சொல்லும் முறைப்படி சோதிக்கக் கொடுங்கள், முடியாதென்றால் அதுவும் புதிது. தரைப் புள்ளிகளை லிஃப்டில் ஏற்றிப் பாடி ஷாப்காரர் அளந்து பார்த்த பிறகுதான் புது மவுண்டை மாட்ட வேண்டும். மாட்டியதும் முதல் ஸெஷன் முடிந்து வண்டி ஆறியபின் எல்லாப் போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் ஒரு சுற்று பார்த்து, மார்க்கர் கோட்டைப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.